அந்தக் கிணற்றில் ஒன்று பாக்கி

என் அக்காவின் வீட்டுக்காரர் கிணறு வெட்டுகிறவர். எழுபதுகளின் பாதியில் எங்கள் கரிசல்காட்டில் மழையை நம்பி அலுத்துப்போனவர்கள் பம்புசெட் வைக்க ஆசைப்பட்டு ஊருக்கு ஊர் கிணறு தோண்டினார்கள். அத்தானுக்கும் அவருடைய செட்டு ஆட்களுக்கும் ஓய்வே இருக்காது. கரிசல் மண்ணையும் சுக்கான் மண்ணையும் தாண்டினால் பாறை வந்துவிடும். பாறை வந்துவிட்டால் வெடி வைத்துத்தான் இறங்க வேண்டும்.

வெடி வைக்கிற அன்றைக்கு ஒரு முறை உண்டு. பாறையில் துளைத்த குழிகளில் மருந்தைக் கெட்டித்துத் திரியைக் கொளுத்தியவர் கயிற்றைப் பிடித்து மேலே வந்ததும், எல்லோரும் விலகிப்போய் மண்மேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார்கள். யாரும் பேசக் கூடாது. ஒருத்தர் மட்டும் வேட்டுகளை எண்ணுவார். எத்தனை திரி கொளுத்தினார்களோ அத்தனை வேட்டு கேட்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் உள்ளே இறங்கக் கூடாது. இதில் ஒரு சங்கடம், சில சமயம் இரண்டு குழி ஒரே நேரத்தில் வெடித்து ஒரே சத்தமாகக் கேட்கும். "சேந்து போச்சு" என்பார்கள். சேர்ந்து போனதா, ஒன்று வெடிக்காமல் கிடக்கிறதா என்பதைச் சொல்லத் தேர்ந்த காது வேண்டும். அந்தச் செட்டில் எண்ணுகிறவர் அத்தான்தான். அவர் "இறங்கலாம்" என்றால் இறங்குவார்கள்.

பசுவந்தனைக்குப் பக்கத்தில் ஒரு கிணற்றில் ஒருநாள் ஏழு குழிக்குத் தீ வைத்தார்கள். ஆறு சத்தம் கேட்டது. வெகுநேரம் காத்திருந்தார்கள். மூன்றாவது வேட்டு கொஞ்சம் கனமாகக் கேட்டதாக எல்லோருக்குமே தோன்றியது. அத்தான் யோசித்துவிட்டு, "மூணாவது சேந்து போயிருக்கு, இறங்கலாம்" என்றார். அவருடைய கூட்டாளி ஒருவர் முதலில் இறங்கினார். இரண்டு பேரும் ஒரே தெரு, சின்ன வயதிலிருந்தே ஒன்றாக வேலைக்குப் போனவர்கள். அத்தான் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டாளி உடைந்த கல்லைப் புரட்டக் கடப்பாரையைப் போட்டபோது, வெடிக்காமல் கிடந்தது வெடித்தது.

நான் அங்கே இல்லை. செட்டு ஆட்கள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். அத்தான் இந்தக் கதையை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

கூட்டாளியின் அடக்கம் முடிகிற வரைக்கும் அத்தான் அழவில்லை. பந்தலுக்கு மூங்கில் சுமந்தார், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். "மனுசன் கல்லுய்யா" என்று ஊரில் மெச்சிப் பேசினார்கள். எங்களுக்கும் அது ஆறுதலாக இருந்தது. பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் மற்றதெல்லாம் ஆரம்பித்தது.

அக்காவுக்கு அப்போது கைக்குழந்தை, பெண். வேலை முடிந்து வந்தால் மேல்கால்கூடக் கழுவாமல் கல்தூசியோடு குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார் அத்தான். அக்கா சத்தம்போடுவாள். இப்போது அவளே குழந்தையை நீட்டினாலும் அவர் வாங்கவில்லை. இரண்டு கையையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "எங்கையில இருக்கும்போது போச்சுன்னா?" என்றார். எது போகும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வாசலில் உட்கார்ந்து விரலை மடக்கி மடக்கி எண்ணுவார். ஆறு விரல் மடங்கியதும் நிறுத்திவிடுவார். அந்த நேரத்தில் யாராவது வெளியே போக எழுந்தால் கையைக் குறுக்கே நீட்டி, "இருங்க, இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்பார். தண்ணீர்க்குடத்தோடு அக்கா அங்கேயே நிற்க வேண்டும். இரவில் தூங்குவதே இல்லை. கண் அசந்தால் கத்திக்கொண்டு எழுந்திருப்பார்.

நான் கோவில்பட்டியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். பஞ்சர் ஒட்டுவது, வீல் கோட்டம் எடுப்பது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. கடைக்கு வருகிறவர்களிடம்கூட அதிகம் பேசமாட்டேன். வீட்டிலேயே இருந்தால் இவர் இப்படியே ஆகிவிடுவார் என்று அக்கா அவரை என்னோடு கடைக்கு அனுப்பினாள். இரண்டு நாள் ஒழுங்காகத்தான் இருந்தார். மூன்றாம் நாள் வெயிலில் நிறுத்தியிருந்த ஒரு சைக்கிளில் டியூப் வெடித்தது. நான் திரும்பிப் பார்க்கும்போது அத்தான் ரோட்டில் குப்புறக் கிடந்தார். இல்லாத ஒரு கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தார். "மேல வாலே, மேல வாலே" என்று கூட்டாளியின் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

கூட்டம் கூடிவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "என்ன அண்ணாச்சி, டியூப்புக்கே படுத்துட்டீங்க. லாரி டயர் வெடிச்சா எட்டயபுரத்துலதான் போய் எந்திரிப்பீங்க போலுக்கே" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அத்தான் எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "வந்துட்டானாலே?" என்று கேட்டார். டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனேன்.

பயந்த கோளாறு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். திருநீறு போட்டார்கள், கயிறு கட்டினார்கள். பயந்த இடத்து மண்ணை எடுத்துவந்து சுற்றிப் போட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே வயதான டாக்டர் ஒருத்தர், "குடிப்பாரா?" என்று கேட்டார். இல்லை என்றதும் தூங்குவதற்கு மாத்திரை எழுதினார். கூட்டாளியின் தாயாரே ஒருநாள் வந்தார். அத்தான் கையைப் பிடித்துக்கொண்டு, "எய்யா, உம்மேல எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்ல. எம்புள்ள விதி அம்புட்டுதான். நீ சாப்புடு, வேலைக்குப் போ" என்று அழுதார். அத்தான் அவரைத் தாண்டி எங்கேயோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா போன பிறகு அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இதுக்கு மேல யாரு வந்து சொல்லணும் தம்பி?" என்றாள்.

அப்போதுதான் செட்டு ஆட்கள் ஒரு யோசனையோடு வந்தார்கள். நாலு பேரும் நல்லவர்கள். அத்தானை விட்டுவிட்டு வேறு ஆளை எண்ணுவதற்கு வைத்துக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை.

"அக்கா, அண்ணாச்சிக்குக் கணக்கு முடியல. அதான் விசயம்" என்றார் அவர்களில் மூத்தவர். "ஏழுக்கு ஆறுதான் அவிய காதுல விழுந்திருக்கு. ஏழாவது விழுந்தப்போ அவிய எண்ணல, கயித்தப் பிடிச்சிட்டு நின்னாவ. நாங்க புதுக் கிணறு ஒண்ணு வெட்டுதோம். அதே மாதிரி ஏழு குழி போடுதோம். அவிய வந்து உக்காந்து எண்ணட்டும். ஏழும் கேட்டுட்டா மனசு அடங்கிரும்."

"ஒண்ணு சேந்து போச்சுன்னா?" என்று இன்னொருவர் கேட்டார்.

"ஒனக்கு வாய்ல வசம்பத்தான் வச்சுத் தேய்க்கணும். திரிய வேற வேற நீளமா வச்சா எப்பிடிலே சேரும்?"

அக்கா என்னைப் பார்த்தாள். டியூப் வெடித்த அன்றைக்கு அவர் கிடந்த கிடை எனக்குக் கண் முன்னால் வந்தது. ஆனால் வெடி வேலை தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், சைக்கிள் கடைக்காரன் நான் எதைச் சொல்வது? உண்மையில் எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. ஒரு கணக்கு முடியாமல் இருக்கிறது, முடித்துவிட்டால் தீர்ந்தது. அதைவிடத் தெளிவாக வேறு யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அத்தானை என் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். மண்மேட்டுக்குப் பின்னால் பழைய மாதிரியே உட்கார்ந்தார்கள். அத்தானும் உட்கார்ந்தார். என் கை அவர் தோளில் இருந்தது. முதல் வேட்டுக்கு அவர் உடம்பு தூக்கிப் போட்டது. இரண்டாவதுக்கும் அப்படியே. அதற்குப் பிறகு நடுக்கம் நின்று, கண்ணை மூடி, விரலை மடக்க ஆரம்பித்தார். வேலைக்காரனுடைய முகம் திரும்பி வந்துவிட்டது. ஏழும் தனித்தனியாக, சுத்தமாகக் கேட்டன.

"ஏழு" என்றார் அத்தான்.

"ஏழுதான் அண்ணாச்சி. எல்லாம் வெடிச்சாச்சு. ஒண்ணும் பாக்கி இல்ல." மூத்தவர் அவருக்கு ஒரு பீடியைப் பற்றவைத்துக் கொடுத்தார். அத்தான் வாங்கி இழுத்தார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எனக்கு உடனே சைக்கிளை மிதித்துப் போய் அக்காவிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

ஒருத்தர் கயிற்றைப் பிடித்து இறங்கப் போனார். அத்தான் பீடியைப் போட்டுவிட்டு எழுந்து ஓடி அவர் காலைக் கட்டிக்கொண்டார். நாலு பேர் சேர்ந்து இழுத்தும் விடுவிக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, ஏழும் நீங்கதான எண்ணுனீங்க?"

"எண்ணுனேன்லே. இது வேற கிணறு. அந்தக் கிணத்துல ஒண்ணு பாக்கி."

அன்றைக்கு யாரும் இறங்கவில்லை. சாயங்காலம் வரை அவர் அந்தக் காலை விடாமல் தரையில் கிடந்தார். காலைக் கொடுத்தவரும் அசையாமல் கிணற்று மேட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அத்தான் காலையில் எழுந்து நேராகப் பழைய கிணற்றுக்குப் போய்விடுவார். அதில் நல்ல தண்ணீர் ஊறி, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நிலத்துக்காரர் ஈவிரக்கம் உள்ளவர், விரட்டவில்லை. கிணற்றில் குளிக்க வருகிறவர்களை அத்தான் இறங்கவிடுவதில்லை. முதலில் சண்டைபோட்டார்கள், பிறகு வேறு கிணறு பார்த்துக்கொண்டார்கள். அக்கா தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போனாள். குழந்தை தவழ்ந்தது, நடந்தது, பேசியது. அப்பாவைத் தூரத்தில் நிற்கிற ஒரு ஆளாகத்தான் அதற்குத் தெரியும். "அப்பா என்னை ஏன் தூக்கவே மாட்டாவ?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டது. முதுகு வலி என்று சொன்னேன்.

எண்பதுகளில் திருநெல்வேலியில் ஒரு இளவயது டாக்டர்தான் எங்களை உட்காரவைத்துப் பேசினார். "உங்களுக்கெல்லாம் அது என்னைக்கோ நடந்து முடிஞ்சது. அவருக்கு அது பழசு ஆகல. இப்பவும் நடந்துக்கிட்டு இருக்கு. சண்டைக்குப் போய்த் திரும்புன பட்டாளத்து ஆளுகளுக்கு வரும்னு படிச்சிருக்கோம். கிணத்துல இருந்து வந்தவருக்கும் வரும்" என்றார். இங்கிலீஷில் ஒரு பெயர் சொன்னார், எனக்கு நிற்கவில்லை. குணமாகுமா என்று அக்கா கேட்டாள். மாத்திரை கொடுப்போம், அடிக்கடி கூட்டிவந்து பேசவையுங்கள், பார்ப்போம் என்றார். அந்த "பார்ப்போம்" மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகப் புரிந்தது. மாத்திரையில் தூக்கம் கொஞ்சம் வந்தது. பேசவைக்க எங்களால் முடியவில்லை.

அந்த வருசம் ஐப்பசியில் அடைமழை. நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்து உதறல் எடுத்தது. கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பஸ் ரோட்டுக்கு ஒன்றரை மைல் காட்டுப்பாதை. கரிசல் நனைந்துவிட்டால் சைக்கிள் உருளாது. சேறு மட்கார்டில் அப்பி வீல் இறுகிவிடும். என் தொழில் அங்கே ஒன்றுக்கும் உதவாது.

அக்கா பிள்ளையைப் போர்த்தி எடுத்து அத்தானுக்கு நேராக நீட்டினாள். "நீங்க தூக்குங்க. இன்னைக்கு ஒரு நாள்" என்றாள். அவர் கை கக்கத்திலிருந்து வெளியே வந்தது. பாதிவரைக்கும் வந்தது, நான் பார்த்தேன். வாயெல்லாம் கோணி, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. கை திரும்பி உள்ளே போய்விட்டது. நான் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

அத்தான் எங்களுக்கு முன்னால் நடந்தார். கொஞ்சதூரம் போனதும் நின்று, கையைக் குறுக்கே நீட்டினார். "இருங்க." விரலை மடக்கினார். மழை பெய்துகொண்டிருந்தது. பிள்ளையின் மூச்சு என் கழுத்தில் சுட்டது. பிறகு தானாகவே கையை இறக்கி நடந்தார். இன்னும் கொஞ்சதூரம், மறுபடியும் "இருங்க". தூரத்தில் பஸ்ஸின் சத்தம் கேட்டது. அவரைத் தள்ளிவிட்டு ஓடிவிடலாம் என்று நான் ஒரு எட்டு எடுத்து வைத்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்தாள்.

"நில்லு தம்பி. அவிய சொல்லட்டும்."

"பஸ் போயிரும்க்கா."

"போவட்டும். நீ ஓடுனா, அவிய கண்ணுக்கு அந்தப் பிள்ளை கிணத்துக்குள்ளல்லா போவுது."

பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் எப்போது என்று எங்களுக்குத் தெரியும், இருட்டுவதற்கு முன்னால் வராது. அக்கா முந்தானையைப் பிரித்துப் பிள்ளையின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் சேற்றில் நின்றோம். அத்தான் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முன்னால் கிடந்த வெறும் பாதையைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.