கரடிக்குத் திருப்பி விட்ட தண்ணீர்

போன வாரத்து மழையில், ஓசூரில் நான் தங்கியிருக்கும் கட்டடத்தின் அடித்தளத்தில் தண்ணீர் தேங்கிவிட்டது. இறைக்க ஆயில் இன்ஜின் கொண்டுவந்தார்கள். அந்த டீசல் புகை மூக்கில் ஏறியதும் பர்கூர்ப் பக்கத்துக் கல்குவாரி ஞாபகம் வந்துவிட்டது.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு நான் பார்த்த ஏழெட்டு வேலைகளில் அதுவும் ஒன்று. ஐப்பசி மழையில் குவாரிக் குழி நிரம்பிவிடும். மாசியில் அந்தத் தண்ணீரைப் பக்கத்திலிருந்த பழைய குழிக்கு இறைத்தால்தான் கல் வெட்ட முடியும். இன்ஜின் ஓட்டுவது நான். பெரிய வித்தைக்காரன் என்ற நினைப்பு வேறு.

குன்றின்மேல் சுனைகள் வற்றுவதும் அதே மாசியில்தான். கரடி கீழே இறங்கும். பழைய குழி நாலு பக்கமும் செங்குத்து. இறங்குவதற்கு லாரிப் பாதை இருந்தது எங்கள் குழியில் மட்டும். கரடியின் காலடித் தடத்தைத் தினமும் பார்த்தோம், தினமும் இறைத்தோம். இரண்டையும் சேர்த்து யோசிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு நாள் காலையில் போனால் கரடி குழிக்குள்ளேயே நிற்கிறது. தண்ணீர் நடுவில் சுருங்கிக் கிடந்தது. சுற்றிலும் கல்மாவுச் சேறு. தாயின் முதுகிலிருந்து சறுக்கிய குட்டி அதில் வயிறுவரை புதைந்து கத்திக்கொண்டிருந்தது. தாய் ஒரு காலை வைக்கும், அது உள்ளே போகும், பிடுங்கிக்கொண்டு பின்வாங்கும்.

"ஒரு வெடி போட்டா ஓடிரும்" என்றார் மேஸ்திரி.

"குட்டி எங்கய்யா ஓடும்? காலு சேத்துல கெடக்கு" என்றார் கல் உடைக்கும் லட்சுமக்கா. என் பக்கம் திரும்பி, "தண்ணிய எடுத்தவன் நீதானடா? திருப்பி வுடு."

"நாளைக்கு லாரி வருது. ஓனருக்கு யாரு பதில் சொல்றது?" என்றார் மேஸ்திரி.

"நான் சொல்றேன். நீ பொண்டாட்டிகிட்டயே வாய் தொறக்காத ஆளு."

கோபம் வந்தால் மேஸ்திரிக்குத் தமிழ் மறந்துவிடும். தெலுங்கில் திட்டியபடியே குழாயின் ஒரு முனையைத் தூக்கினார். குழாய்களை இடம் மாற்றிப் போட்டு இன்ஜினைச் சுற்றிவிட்டேன். அந்தச் சத்தத்துக்கும் தாய் நகரவில்லை. முந்தின நாள் இறைத்ததில் பாதி, மதியத்துக்குள் திரும்பி வந்தது. சேறு இளகியது. குட்டி மெல்ல மேலெழும்பி, நீந்தி வந்த தாயின் முதுகு மயிரைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் லாரி காலியாகத் திரும்பியது. லட்சுமக்கா சொன்னபடியே ஓனரிடம் பதில் சொன்னார். என்னோடு அவரையும் சேர்த்து வேலையை விட்டு அனுப்பினார்கள். மேஸ்திரி அன்றும் வாய் திறக்கவில்லை.

இப்போதும் அந்த வழியாகப் பஸ்ஸில் போனால் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வேன். குவாரியை மூடிவிட்டார்கள். குழியில் தண்ணீர் கிடக்கிறது, மாசியிலும் யாரும் இறைப்பதில்லை. கரடி இறங்கி வரத்தான் குன்று இல்லை. அதையும் வெட்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள்.