அடுத்த சுற்றுக்கு ஒதுக்கிய துண்டு

அந்த மஞ்சள் ஒட்டுத்தாள் துண்டின் பசை எப்போதோ காய்ந்துவிட்டது. பழைய நாட்குறிப்பில் குண்டூசி குத்தி வைத்திருக்கிறேன். என் கையெழுத்தில் ஒரே சொல்: கடிதம். கீழே, புதன், காலை 9.20.

யுத்த காலத்தில், கொள்ளுப்பிட்டியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலைச் சுற்றுகளை நடத்துவது என் பொறுப்பு. ஒரு சுற்று இரண்டு கிழமை. முதல் நாள் வேலைகளைத் துண்டுகளில் எழுதிப் பலகையில் ஒட்டுவோம். கடைசி நாள் முடித்ததை வாடிக்கையாளருக்குக் காட்டி, எங்கே பிழைவிட்டோம் என்று பேசி, அடுத்த சுற்றைத் திருத்திக்கொள்வோம். இடையில் புதிதாக எதுவும் நுழையக் கூடாது. நுழைந்தால் எடுத்த வேலை முடியாது. இந்த விதியை நான் ஒருநாளும் தளர்த்தியதில்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. தினமும் காலையில் பலகை முன் நின்றபடியே ஒவ்வொருவரும் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: நேற்றுச் செய்தது, இன்று செய்வது, தடை.

எங்கள் பரிசோதகர் என்னைவிட மூத்தவர். மற்றவர்கள் எழுதிய நிரல்களில் பிழை தேடுவது அவர் வேலை. மனைவியை வவுனியாவில் விட்டுவிட்டு வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தார். வடக்கிலிருந்து வந்து தங்கும் தமிழர்கள் பொலிஸில் பதிய வேண்டிய காலம் அது. அந்தப் புதன்கிழமை முதல் இரண்டையும் சொன்னவர், தடை என்று வந்ததும் தயங்கினார்.

"லொட்ஜில பொலிஸ் பதிவுக்கு ஒபிஸ் கடிதம் கேக்கினம், தங்கச்சி."

"பிழை பிடிக்கிற அண்ணையையே பிடிக்கப் போறாங்கள்," என்றான் பின்னால் நின்ற ஒருவன். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

இவர் எங்களிடம் வேலை செய்கிறார் என்று ஒரு கடிதம் அடிக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் அது பட்டியலில் இல்லாத வேலை. "திங்கள் புதுச் சுற்றில முதல் வேலையா எடுப்பம், அண்ணா," என்று துண்டைப் பலகையின் ஓரத்தில் ஒட்டினேன்.

"ஓம், ஓம். சட்டம் எண்டால் எல்லாருக்கும்தானே."

வெள்ளி காலை அவர் நிற்கும் இடம் வெறுமையாக இருந்தது. விடியற்காலையில் லொட்ஜைச் சோதித்து, வேலைக்கு அத்தாட்சி இல்லாதவர்களை ஏற்றிப் போனதாக லொட்ஜ்காரர் தொலைபேசியில் சொன்னார். உடனே கடிதத்தை அடித்து எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையம் போனேன். அப்படி ஒருவர் அங்கே கொண்டுவரப்படவில்லை என்றார்கள். பிறகு எங்கேயும் அதே பதில்தான்.

சில கிழமைகள் கழித்து அவர் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "அவர் எப்ப கடிதம் கேட்டவர்?"

அந்தத் துண்டு குத்திய நாட்குறிப்பு என் கைப்பையில் இருந்தது. "அந்தக் கிழமைதான். சரியா ஞாபகமில்லை, அக்கா," என்றேன்.

இப்போது பலகை கணினித் திரைக்குள் போய்விட்டது. சுற்று முடியும்போதெல்லாம், எதை வேறுவிதமாகச் செய்திருக்கலாம் என்று எல்லோரையும் கேட்கிறேன். என் முறை வந்தால், சொல்ல ஒன்றுமில்லை என்கிறேன். வீட்டுக்கு வந்து நாட்குறிப்பைத் திறக்கிறேன்.

புதன், காலை 9.20. அந்த அக்கா கேட்டது இதைத்தான்.