பத்தாவது முறை

அந்தக் காணொளிகளை அழித்தவன் நான். என் கைதான் அழித்தது.

அதை விளக்குவதற்கு முன், அப்போது நான் யாராக இருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை... இல்லை, பெருமைக்காகவும்தான்! வேதியியலில் முதல் வகுப்பில் தேறியவன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலையின் ஆய்வகத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் பணியாற்றி, அதன் தலைவனாக ஓய்வு பெற்றவன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு கட்டுக் கம்பிகூட அந்த வாயிலைத் தாண்டியதில்லை. ஓய்வுக்குப் பின் எங்கள் நகர்க் குடியிருப்போர் சங்கத்தின் தலைவன். எந்த அலுவலகத்துக்கு மனு எழுத வேண்டுமானாலும் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். நான் தேநீர்க் கடைக்குள் நுழைந்தால் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள்.

அந்த இடத்தை இழக்க எனக்கு மனமில்லை. அதற்காக ஒரு மனிதனின் பிழைப்பையும் பெயரையும் கெடுத்தேன். இதைப் படிக்கும் நீங்கள் அவனை மறந்திருக்கலாம். அவன் பெயர் டில்லிபாபு.

எங்கள் நகருக்குப் பின்புறம் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம், இது அவர்களுடைய வாக்குமூலம் அல்ல. பெருமழை பெய்யும்போதெல்லாம் அதன் மதிலடியில் ஒரு குழாய் திறக்கும். ஓடைத் தண்ணீர் மஞ்சளாகும். பிறகு எங்கள் அடிகுழாய்களில் துருவும் கசப்பும் வரும். எல்லோருக்கும் தெரியும், யாரிடமும் ஆதாரம் இல்லை. பல மனுக்களுக்குப் பிறகு, விசாரணைக்கு அதிகாரி ஒருவர் வருவதாகக் கடிதம் வந்தது. ஆதாரங்களை நேரில் காட்டலாம் என்று அதில் இருந்தது.

மக்கள் தங்கள் கைப்பேசிகளில் எடுத்துவைத்த படங்களைத் தேடி எடுத்தார்கள். மஞ்சள் ஓடை, செத்த மீன், சிவந்த குடம்... எதிலும் குழாய் இல்லை. குழாய் இருந்தது ஒரே ஒரு காணொளியில். அதை எடுத்தவன்தான் டில்லிபாபு. அதே தொழிற்சாலையில் மூட்டை தூக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. மழையில், மதிலுக்கு உள்ளே நின்று எடுத்திருந்தான்.

“என் மூஞ்சி வீடியோல தெரியாது சார். ஆனா கொரல் என்னுதுதான். பயந்துக்கினே எடுத்தேன், கை எப்டி ஆடுது பாருங்க” என்று விரிசல் விழுந்து நாடா ஒட்டிய தன் கைப்பேசியை நீட்டினான். “மேஸ்திரி பாத்திருந்தான்னா என்னையும் அந்தக் கொயாயிலயே உட்டுருப்பான்!”

சிரித்தான். நானும் சிரித்தேன். அது நடுங்கிய படம்தான். ஆனால் குழாயும், அதற்கு மேல் மதிலின் உட்புறம் எழுதிய நிறுவனத்தின் பெயரும், பீறிடும் தண்ணீரும் ஒரே படச்சட்டத்துக்குள் இருந்தன. அதற்கு மேல் என்ன வேண்டும்?

எனக்கு ஒன்று வேண்டியிருந்தது. அதை அதிகாரிக்குக் காட்டும் கை என் கையாக இருக்க வேண்டும்!

அதற்காகவே சென்னைக்குப் போய் ஒரு டேப்லெட் வாங்கினேன். கடையிலிருந்த இளைஞன் என் வேட்டியைப் பார்த்தான். விலை குறைந்த வரிசைக்கு அழைத்துப்போனான். “பெரியவரே, உங்களுக்கு வாட்சப்பு, யூடியூபு தானே? இதுவே தாராளம்” என்றான். அந்த ஒரு சொல்லுக்காக, கடையில் எது ஆக உயர்ந்ததோ அதைக் கேட்டு வாங்கினேன். கண்ணாடித் தகடுபோல மெலிந்த பொருள். அதன் திரையில் ஓடையின் மஞ்சள்கூட அழகாகத் தெரிந்தது.

“சார், கிளவுட்ல ஒரு காப்பி போற மாதிரி செட் பண்ணித் தரட்டா? நாளைக்கு ஒண்ணுன்னா உதவும்” என்று அவன் கேட்டான். வேண்டாம் என்றேன். என் ஆவணங்கள் எங்கோ ஒரு நாட்டில் யாருடைய கணினியிலோ இருக்க வேண்டிய அவசியமில்லை என்று, வரிசையில் நின்றவர்கள் கேட்கும்படி சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அதன் அமைப்புகள் ஒவ்வொன்றையும் படித்தேன். கடவு எண்ணைப் பத்து முறை தவறாக இட்டால் உள்ளிருப்பது அனைத்தும் அழிந்துபோகும் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. என்ன நேர்த்தியான ஏற்பாடு! உடனே அதை இயக்கி வைத்தேன். சங்கக் கூட்டத்தில் அறிவிக்கவும் செய்தேன். “இதைத் திருடுகிறவனுக்கு வெறும் கண்ணாடிதான் மிஞ்சும்” என்றபோது கைதட்டினார்கள்.

அதே கூட்டத்தில் எல்லோருடைய படங்களையும் என் டேப்லெட்டுக்கு மாற்றிக்கொண்டேன். பிறகு, அவரவர் கைப்பேசியிலிருந்து அவற்றை அழித்துவிடச் சொன்னேன். நிறுவனத்தின் காதுக்குப் போய்விடும், டில்லிபாபுவின் வேலைக்கு ஆபத்து என்று காரணம் சொன்னேன். அது பொய்யான காரணமும் இல்லை. ஆனால், வேறு யாராவது முந்திக்கொண்டு காட்டிவிடக் கூடாதே என்பதுதான் உள்ளே இருந்தது.

டில்லிபாபு மட்டும் தயங்கினான். “சார், ஒன்னு என்கிட்டயும் இருக்கட்டுமே சார்?”

“என்மேல் நம்பிக்கை இல்லையா?”

“ஐயோ, இன்னா சார் நீங்க! உங்களப் போயி...”

என் எதிரிலேயே அழித்தான். அதோடு விட்டேனா? அழித்த படங்கள் சில நாட்கள் குப்பைப் பகுதியில் தங்கும் என்று படித்திருந்தேன். அங்கேயும் போய் அழிக்கச் சொன்னேன். தேடத் தெரியாமல் தடுமாறினான். கைப்பேசியை வாங்கி இடத்தைக் காட்டியவனும் நான்தான்!

கடவு எண்ணாக என் பிறந்த ஆண்டை வைத்திருந்தேன். என் வீட்டு மாடியில் ரேவதி என்ற பெண் குடியிருந்தாள். பாகங்களைப் பூட்டிக் கைப்பேசி செய்யும் ஆலை ஒன்றில் வேலை. ஒருநாள் வாடகை கொடுக்க வந்தவள் டேப்லெட்டைப் பார்த்துவிட்டு, “பொறந்த வருசம்தானே சார் போட்டுக்கீறீங்க? வயசானவங்க எல்லாரும் அதான் போடுவாங்க” என்று சிரித்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் படியேறியதும் எண்ணை மாற்றினேன்.

எவராலும் ஊகிக்க முடியாத எண்! அந்த ஓடைத் தண்ணீரில் இருக்கக்கூடும் என்று நான் கருதிய மூன்று உலோகங்களின் அணு எண்கள், அடுத்தடுத்து. ஆறு இலக்கம். எங்கும் எழுதிவைக்கவில்லை. வேதியியல் படித்தவன் அணு எண்ணை எழுதிவைப்பானா? அதற்குப் பிறகு விரல் ரேகையாலேயே திறந்துகொண்டிருந்தேன்.

விசாரணைக்கு முந்தைய நாள், மதியம். டேப்லெட் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு அணைந்து எழுந்தது. விரலை வைத்தேன். கடவு எண் வேண்டும் என்றது.

குரோமியம், ஈயம், காட்மியம். இட்டேன். தவறு என்றது.

வரிசையை மாற்றினேன். தவறு. மூன்று உலோகங்களை ஆறு வரிசைகளில்தான் அடுக்க முடியும்; ஆறையும் இட்டுப் பார்த்தேன். ஐந்து வரை பொறுத்துக்கொண்டது. ஆறாவதற்கு, ஒரு நிமிடம் காத்திருக்கச் சொன்னது. என்னை! என் பணத்தில் வாங்கிய பொருள், என் மேசைமேல் இருந்துகொண்டு, என்னைக் காத்திருக்கச் சொல்கிறது!

அப்படியானால் உலோகங்களில் ஒன்று தவறு. காட்மியத்தை எடுத்துவிட்டு நிக்கலை வைத்தேன். ஐந்து நிமிடம் காத்திரு என்றது. நிக்கலை முன்னால் வைத்தேன். பதினைந்து நிமிடம். பாதரசம்... ஒரு மணி நேரம்!

ஒன்பது முறை முடிந்திருந்தது. எஞ்சியது ஒன்று. எனக்கு அது நன்றாகத் தெரியும். கூட்டத்தில் அறிவித்தவனே நான் அல்லவா?

அந்த ஒரு மணி நேரத்துக்குள் ரேவதி காலை ஷிப்ட் முடிந்து வந்தாள். வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். எனக்கு என்று கேட்டேனா? என் நண்பருக்கு என்று கேட்டேன். அண்ணாநகரில் ஒரு நண்பர், அவருடைய டேப்லெட் இப்படி ஆகிவிட்டதாம், என்ன செய்யலாம் என்று.

“எத்தினி வாட்டி போட்டாரு சார்?”

“ஒன்பது என்கிறார்.”

“ஐயய்யோ! தொடவே வேணான்னு சொல்லுங்க சார். அப்டியே எடுத்து வெச்சிரட்டும். இன்னிக்கி இல்லாங்காட்டி நாளான்னிக்கி நெனப்பு வரும். போனாப் போனதுதான், எங்க கம்பெனி ஆளே வந்தாலும் எடுக்க முடியாது.” பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: “அவசரம்னா டைம் கேக்கச் சொல்லுங்க சார். அதுல இன்னா கொறஞ்சிடப் போறாரு?”

டைம் கேட்பதா! நாளை ஊரார் முன்னால் எழுந்து நின்று, எண்ணை மறந்துவிட்டேன், சில நாள் அவகாசம் கொடுங்கள் என்று நான் கேட்பதா? பெரியவரே, உங்களுக்கு வாட்சப்பு போதுமே என்று ஊரே சொல்லாதா?

உள்ளே வந்தேன். ஒரு மணி நேரம் முடிந்தது. பாதரசத்தை நடுவில் வைத்தேன்.

திரை கறுத்தது. சற்று நேரத்தில், பல மொழிகளில் மாறி மாறி, வணக்கம் சொல்லிற்று. புதிதாய் வாங்கியவனை வரவேற்பதுபோல!

அது காட்மியம் அல்ல, துத்தநாகம். மூன்றாம் நாள் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது நினைவுக்கு வந்தது. ரேவதி சொன்னதுபோலவே... இரண்டு நாள் பொறுத்திருந்தால் போதும்! கண்ணாடியில் தெரிந்த முகத்தின்மேல் நுரையை வாரி அடித்தேன். யாரிடம் கோபித்துக்கொள்வது?

இதுவரை நான் செய்தது மடமை. இனிச் சொல்வதற்கு அந்தப் பெயர் போதாது.

விசாரணை சமுதாயக் கூடத்தில் நடந்தது. தொடங்குவதற்கு முன் டில்லிபாபுவிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாம். காலையில் வாசலில் என்னைக் கண்டு வணக்கம் வைத்தான். தலையசைத்துவிட்டு உள்ளே போனேன். பையில் காலியான டேப்லெட் இருந்தது.

நிறுவனத்தின் சார்பில் வந்தவர் எழுந்து, அப்படி ஒரு குழாயே கிடையாது, அதைப் பார்த்தவர் ஒருவராவது உண்டா என்று கேட்டார். டில்லிபாபு பேசக் கூடாது என்பதுதான் எங்கள் ஏற்பாடு. அவனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டான்.

“நான் பாத்தேன் சார். உங்க உள்ளதான் வேல செய்யறேன். நானே நின்னுக்கினு வீடியோ எடுத்தேன்.”

“வீடியோ எங்கப்பா?” என்றார் அதிகாரி.

“தோ, எங்க சார்கிட்ட கீது. காட்டுங்க சார்!”

கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது.

எழுந்தேன். குரல் நடுங்கவில்லை, அதுதான் இன்றும் எனக்கு அச்சமாக இருக்கிறது. “நேற்று மதியம் இந்தச் சாதனத்திலிருந்த அனைத்தும் அழிக்கப்பட்டுவிட்டன. தொலைவிலிருந்தே இதைச் செய்யக்கூடியவர்கள் இருக்கிறார்கள். யாருக்காகச் செய்தார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை” என்றேன்.

“கம்பெனிக்காரன் வேலடா! அயிச்சிட்டானுங்கடா!” என்று பின்வரிசையிலிருந்து கூச்சல் கிளம்பியது. நாற்காலிகள் உருண்டன. என்னைச் சுற்றி அரண்போல நின்றார்கள். அந்த ஆரவாரத்தில், ஒப்புக்கொள்கிறேன், என் நெஞ்சு நிமிர்ந்தது!

ஆதாரம் அளிக்கப்படவில்லை என்று எழுதி அதிகாரி கோப்பை முடித்தார். அவர் வேறு என்ன எழுத முடியும்? மறுநாள் தொழிற்சாலை வாயிலில் டில்லிபாபுவைத் திருப்பி அனுப்பினார்கள்.

சில வாரங்களுக்குள் தேநீர்க் கடையில் வேறொரு பேச்சு முளைத்தது. “எல்லாம் சரி, அவன் போன்லயே எடுத்த வீடியோ அவன் போன்ல ஏன் இல்ல?” என்றான் ஒருவன். “துட்டு வாங்கிக்கினு அயிச்சிருப்பான். சாரோட டேப்ப பத்திப் போட்டுக் குடுத்ததே அவனாத்தான் இருக்கும்” என்றான் இன்னொருவன். “வேல போச்சுங்கிறதெல்லாம் சும்மா டிராமா” என்று மூன்றாமவன் முடித்துவைத்தான். “நீங்க இன்னா சார் சொல்றீங்க?”

எல்லோருடைய கைப்பேசியிலிருந்தும்தானே அழிக்கச் சொன்னேன்? அவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள்தானே? அதை அவர்களே மறந்திருந்தார்கள். நான் நினைவூட்டியிருக்கலாம். ஒரே வாக்கியம்!

“ஆதாரம் இல்லாமல் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது” என்றேன்.

என் பெருந்தன்மையை மெச்சினார்கள். அந்தப் பேச்சு அன்றோடு உறுதிப்பட்டுவிட்டது.

டில்லிபாபு ஒருநாள் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “நீங்க சொன்னீங்கன்னுதானே சார் அயிச்சேன்? ஊருல ஒரு வார்த்த சொல்லுங்க சார். எங்க நைனாவ கேக்கற மாதிரி கேக்கறேன். வேல போனா போவுது... கடையில டீ கேட்டா கண்டுக்காத மாரி இருக்கறானுங்க சார்.”

நேரம் வரும்போது சொல்கிறேன் என்றேன். நம்பினான். கைகூப்பிவிட்டுப் போனான். நேரம் வரவில்லை. அவன் குடும்பத்தோடு ஆர்.கே.பேட்டைப் பக்கம் மனைவியின் ஊருக்குப் போய்விட்டதாக அறிந்தேன். அங்கே என்ன வேலை செய்கிறான் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

ரேவதிதான் எஞ்சினாள். ஒரு மாலை, படியில் எதிர்ப்பட்டபோது கேட்டாள்: “சார், உங்க ஃபிரெண்டோட டேப்பு இன்னா ஆச்சு?”

“சரியாகிவிட்டது அம்மா.”

“எண்ணு நெனப்பு வந்துச்சாமா?”

“வந்துவிட்டது.”

“நல்லது சார்.”

அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்துவிட்டாள். சாவியை என் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்தாள்.

நீங்கள் கேட்கலாம், இப்போது ஏன் சொல்கிறாய் என்று. திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எங்கள் சங்கம் ஆண்டுதோறும் ஒரு மலர் வெளியிடுகிறது. இவ்வாண்டு மலருக்கு, ‘ஓடையும் நானும்’ என்று என்னிடம் கட்டுரை கேட்டார்கள். பாராட்டுக் கட்டுரை ஒன்றை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நான்காவதாக வந்தது இது. இதை டில்லிபாபு படிப்பானா? படித்தாலும் அவனுக்கு ஆகப்போவது என்ன? காணொளி திரும்பாது. வேலை திரும்பாது. இந்த மழைக்கும் ஓடை மஞ்சளாகத்தான் ஓடியது. இப்போது குழாயின்மேல் சிமெண்டுப் பலகை போட்டு மறைத்துவிட்டார்கள்.

சென்ற ஆண்டு மலரின் மெய்ப்புப் படியைத் திருத்தியவன் நான். அதில் என் பெயருக்குப் பின்னால் பட்டம் விடுபட்டிருந்தது, சேர்த்தேன். இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தினேன். விசாரணை பற்றிய பகுதியில், ‘உள்ளிருந்த ஒருவர் விலைபோனதால் ஆதாரம் அழிந்தது’ என்று ஒரு வரி இருந்தது. அதை அப்படியே விட்டேன், அச்சாயிற்று.

அந்த வரி தவறு. டில்லிபாபு யாரிடமும் பணம் பெறவில்லை. நான் அழிக்கச் சொன்னேன், அவர் அழித்தார்.