ஜெயவேலின் வலது கை

ஜெயவேலின் வலது கைக்கு இரண்டு உத்தியோகம். பகலில் துறைமுகத்தில் கிரேனுக்குச் சைகை காட்டும். சாயங்காலம் திருவொற்றியூர், ராயபுரம் பக்கத்துக் கல்யாண மேடைகளில் கீபோர்டு வாசிக்கும். முதல் உத்தியோகத்தில் அது கெட்டிக்காரக் கை. இரண்டாவதில் சுமார்தான் என்பது ஊரறிந்த சங்கதி. அதை அறியாதவர் ஜெயவேல் ஒருவர்தான்.

துறைமுகத்தில் பனைமர உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் உட்கார்ந்து கிரேனை ஓட்டுபவர் மாரியப்பன். கப்பலின் வயிற்றுக்குள் கிடக்கும் சரக்கோ கரையில் நிற்கும் லாரியோ அவருக்கு ஒழுங்காகத் தெரியாது. தெரிவதெல்லாம் கீழே மஞ்சள் தொப்பியோடு நிற்கும் ஜெயவேலின் கை. விரல் மேலே பார்த்துச் சுழன்றால் தூக்கு. உள்ளங்கை தரையைப் பார்த்துத் தணிந்தால் இறக்கு. விரல்கள் மடங்கி முட்டியானால் நில். வருடக்கணக்காக இருவரும் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். வாயைத் திறந்தது டீக்கடையில் மட்டும்.

இரண்டாயிரத்து இரண்டாம் வருடம், பர்மா பஜாரில் சனி பிடித்தது. கண்ணாடி அலமாரிக்குள் ஒரு கீபோர்டு. அதன் மூலையில் கறுப்பாக ஒரு கண். அந்தக் கண்ணுக்கு மேலே, எதையும் தொடாமல், கையை ஏற்றி இறக்கினால் போதும், உள்ளிருந்து சத்தம் கிளம்பியது. பக்கத்தில் மூன்று பொத்தான்கள். முதல் பொத்தானை அழுத்திவிட்டுக் கையை ஆட்டினால் சுரம் வழுக்கிக்கொண்டு ஓடும். இரண்டாவதற்கு டிரம்ஸ் இடியாக உருளும். மூன்றாவதை அழுத்திக் கையைக் காட்டினால், ஓடிக்கொண்டிருக்கும் தாளமும் பக்கவாத்தியமும் சட்டென்று நின்றுவிடும். மூன்றாவதை ஜெயவேல் கடையிலேயே கழித்துக் கட்டிவிட்டார்.

“நிறுத்துறதுக்கு எவனாச்சும் கீபோர்டு வாங்குவானா?” என்றார் கடைக்காரரிடம்.

வாங்கியதில் மனைவி புஷ்பவல்லியின் வளையல்கள் போயின. அவள் அழவில்லை. “தொட்டு வாசிக்கிறதே அரகொற. இதுல தொடாம வேற வாசிக்கப் போறியா?” என்று மட்டும் கேட்டாள்.

காத்திவாக்கத்தில் ஒரு காதுகுத்து விசேஷம். இசைக்குழு ஜெரினாவுடையது, பாடகியும் அவள்தான். புது கீபோர்டுக்குள்ளேயே எல்லாத் தாளமும் இருந்ததால், டிரம்ஸ்காரரை ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. ஜெரினா இரண்டாவது சரணத்தில் இருந்தபோது ஜெயவேல் எழுந்து நின்று கையை அந்தரத்தில் நெளித்தார். கீபோர்டு ஊளையிட்டது. மீன் ஏலம் விடுகிற ஆள்கள் விசிலடித்தார்கள். பாட்டு யாருக்கும் ஞாபகமில்லை. கை மட்டும் ஞாபகமிருந்தது. ஒரு நற்பணி மன்றம் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, ‘காற்றிசைச் செம்மல்’ என்று பட்டமும் கொடுத்துவிட்டது.

அதன்பிறகு ஜெயவேலைப் பிடிக்க முடியவில்லை. காதல் பாட்டிலும் கையை ஆட்டினார், அம்மன் பாட்டிலும் ஆட்டினார்.

“அண்ணா, அது தாய் செத்துப்போன பாட்டுண்ணா. அதுல எதுக்கு ‘உய்ய்’யினு இழுக்குற?” என்று ஜெரினா நொந்துகொண்டாள்.

“ஜனம் ஆசப்படுதும்மா.”

கைக்குத் தேங்காயெண்ணெய் உபசாரம் நடந்தது. காய்கறிப் பையை அந்தக் கையால் தூக்க மறுத்தார். பேருந்தை நிறுத்தக் கை காட்டினாலும் விரல்கள் அலையாக நெளிந்தன. யாரோ டாட்டா காட்டுகிறார் என்று ஓட்டுநர் நிற்காமலே போனார்.

டீக்கடையில் மாரியப்பன் ஒருநாள் கேட்டார்.

“இன்னா மாமு, உன் கையி என்னென்னவோ பேசினுகீது? எனுக்கு ஒண்ணும் புரியல.”

“ஸ்டைலு மாமு.”

“ஸ்டைல மேடையோட வெச்சிக்க. மேல குந்திகினு பாக்கறவன் பேஜாராவுறான்.”

ஜெயவேல் சிரித்தார். கலைஞனுக்குப் பொறாமைக்காரர்கள் இருப்பது சகஜம் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த வாரமே அது நடந்தது. கிரேனின் கொக்கியில் ஒரு பெரிய மரப்பெட்டி, உள்ளே பீங்கான் கக்கூஸ் கோப்பைகள். சூப்பர்வைசர் ரகுபதி, எங்கே வண்டி நிறுத்தக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்ததோ அங்கேயே தன் புது ஸ்கூட்டரை நிழலுக்காக நிறுத்தியிருந்தார். ஜெயவேல் பார்த்துவிட்டார். முட்டியை மடக்கினார். பெட்டி அந்தரத்தில் அப்படியே நின்றது. அதுவரைக்கும் அது சம்பளம் வாங்குகிற கை.

காத்திவாக்கம் கச்சேரியைப் பார்த்த லோடுமேன்கள் நாலு பேர் பக்கத்தில் நின்றிருந்தார்கள். “அண்ணே, அந்தக் கைய ஒருதபா காட்டுண்ணே!” என்றார்கள். முட்டி விரிந்தது. விரல்கள் நெளிந்தன. உள்ளங்கை தரையைப் பார்த்து அழகாகத் தணிந்தது. மாரியப்பன் வருடக்கணக்காக எதற்குக் கட்டுப்பட்டாரோ அதற்கே கட்டுப்பட்டுப் பெட்டியை இறக்கினார்.

கோப்பை ஒன்றுகூட உடையவில்லை. ஸ்கூட்டர்தான் அப்பளமாகிவிட்டது. ஒப்பந்தக்காரர் வைத்த விசாரணையில், பலத்த காற்றே காரணம் என்று முடிவானது. ஸ்கூட்டரை அங்கே நிறுத்தியது யார் என்ற கேள்வி எழாதிருக்க, ரகுபதியே அந்தக் காற்றுக்குச் சாட்சி சொன்னார்.

மாரியப்பனுக்கு அந்தக் காற்றுக் கதை வேண்டியிருக்கவில்லை. வேலை நேரத்தில் கூண்டை விட்டு இறங்காதவர், பெட்டி தரை தொட்ட அன்றே ஏணியில் இறங்கி வந்திருந்தார்.

“மேலேந்து உன் மூஞ்சி எனுக்குத் தெரியாது மாமு. கையி மட்டுந்தான் தெரியும். அந்த வண்டில எவனாச்சும் குந்தினு இருந்தா? நான் இன்னிக்குக் கொலகாரன். இனிமே உன் கைக்கு நான் கொக்கி எறக்க மாட்டேன்.”

மஞ்சள் தொப்பி திலீப் என்பவரின் தலைக்குப் போயிற்று. ஜெயவேல் சரக்குக்குக் கயிறு கட்டப் போனார். சம்பளம் குறையவில்லை. ஆனால் நிமிர்ந்து அந்தக் கூண்டைப் பார்க்கிறபோதெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது. மேடையில் ஆயிரம் பேர் கைதட்டிய கை, ஒரே ஒரு மனிதருக்கு ஆகாத கையாகிவிட்டது. அந்த ஒருவர் மறுபடி தன் கையை நம்ப வேண்டும். ஜெயவேலுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மாரியப்பனின் மகள் வினிதாவுக்குத் தண்டையார்பேட்டை மண்டபத்தில் வரவேற்பு. கச்சேரிக்கு ஜெரினாவின் குழுவை முன்பே பேசிவைத்திருந்தார்கள். மகளின் ஆசை, மாற்ற முடியவில்லை. மாரியப்பன் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்: “வந்து வாசிக்கட்டும். கைய ஆட்டக் கூடாது.”

ஜெயவேல் ஆட்டவில்லை. நாலு பாட்டுக்கு நல்ல பிள்ளையாகக் கீபோர்டின் கட்டைகளைத் தொட்டு வாசித்தார். சுமாராக இருந்தது. மாப்பிள்ளையின் தோழர்கள் பொறுத்துப் பார்த்தார்கள், பிறகு கத்த ஆரம்பித்தார்கள்.

“யோவ் நைனா, காத்துல வாசிய்யா!”

ஐந்தாவது பாட்டு, குத்துப்பாட்டு. விசில் மண்டபத்தைத் தூக்கியது. ஜெயவேலுக்கே தெரியாமல் வலது கை கட்டைகளை விட்டு எழுந்து, அந்தக் கறுப்புக் கண்ணுக்கு மேலே போய் நெளியத் தொடங்கியது. கூட்டம் அலறியது. கை தணிந்தது, இன்னும் தணிந்தது.

முன்வரிசையில் பட்டுச் சட்டையில் மாரியப்பன் உட்கார்ந்திருந்தார். அவருடைய முகம் கடுகடுவென்று இருந்தது. ஆனால் நாற்காலிக் கைப்பிடியில் இருந்த அவருடைய கை, இல்லாத ஒரு நெம்புகோலைப் பிடித்து மெதுவாக முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. ஜெயவேலின் கை தணியத் தணிய, அவர் எதையோ இறக்கிக்கொண்டே இருந்தார். அது அவருக்கே தெரியவில்லை.

மேடையிலிருந்து ஜெயவேல் அதைப் பார்த்துவிட்டார். மண்டபம் முழுக்க அவர் கையைப் பார்த்தது. கட்டுப்பட்டவர் அந்த ஒருவர்தான்.

இடது கை தடவிப்போய் மூன்றாவது பொத்தானை அழுத்தியது. கறுப்புக் கண்ணுக்கு நேர் மேலே ஜெயவேல் முட்டியை மடக்கினார்.

எல்லாம் நின்றது. தாளம் இல்லை, பக்கவாத்தியம் இல்லை. ஜெரினாவின் குரல் மட்டும் ஒரு வரி தனியாக நடந்து, திகைத்து, அதுவும் நின்றது. பின்கட்டில் சாம்பார் வாளி வைக்கிற சத்தம் கேட்டது.

“இன்னாபா, கரண்ட்டு பூட்சா?” என்று யாரோ கேட்டார்கள். பின்வரிசை ‘ஊ’ என்று கூவியது.

மாரியப்பனின் கை கைப்பிடியில் அசையாமல் நின்றிருந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். பிறகு மேடையில் மடங்கிய முட்டியைப் பார்த்தார். கூச்சல் எவ்வளவு ஏறியும் ஜெயவேல் அதை விரிக்கவில்லை. மணிக்கட்டு வலித்தது, அப்படியே பிடித்திருந்தார்.

மாரியப்பன் மெதுவாகத் தன் கையை உயர்த்தினார். ஒற்றை விரலை மேலே நீட்டிச் சுழற்றினார். தூக்கு.

ஜெயவேல் கையை எடுத்துக் கட்டைகளின் மேல் வைத்து, விட்ட இடத்திலிருந்து தொட்டு வாசித்தார். சுமாராகத்தான் இருந்தது. மாரியப்பன் கடைசிப் பாட்டுவரை எழுந்து போகாமல் கேட்டார். திங்கட்கிழமை காலையில் ஜெயவேலின் கைக்குத்தான் கொக்கி இறங்கியது.