மடங்காத விரல்

இன்று செவ்வாய், காலை ஒன்பது மணி பத்து நிமிடம், சாரல். கடையில் வெட்டிப் போட்டிருந்த கோழிக்காலைப் பார்த்ததும் 1931-இன் இரணியல் வீடு நினைவில் எழுந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அரிவாள்மணை வெட்டியதிலிருந்து சித்தியின் சுட்டுவிரல் மடங்காது. பேசினால் எதிரில் இருப்பவரைச் சுட்டும்.

"எனக்க மூஞ்சிக்கு நேரே விரல் நீட்டுதியா? மடக்குட்டி! இல்லன்னா அப்பன் வீட்டுக்குப் போ," என்றார் பெரியப்பா.

"நரம்பு அறுந்து போச்சு அத்தான், மடங்காது."

"நடிக்கா!"

நான் அடுக்களையிலிருந்து ஒரு கோழிக்காலை எடுத்து வந்து, அதன் வெள்ளை நரம்பை இழுத்தேன். மூன்று விரல்களும் மடங்கின. நரம்பைக் கத்தியால் அறுத்துவிட்டு மேல்நுனியை இழுத்தேன். ஒரு விரலும் அசையவில்லை.

"இந்தக் கோழியும் நடிக்குதா, பெரியப்பா?"

சித்தியைப் போகச் சொல்ல அதன்பின் அவருக்கு வாய் வரவில்லை. இன்றானாலும் அதையேதான் கேட்பேன். அந்தக் கேள்விக்கு எனக்கு ஆன செலவு, புளியங்கம்பால் பதினோரு அடி.