ஒரு மணிக்கு வருகிறோம்

கற்பிட்டிக் கோட்டை வாசலில் நின்ற கடற்படைக்காரர் என்னிடம் ஆங்கிலத்தில், “எந்த நாடு, சேர்?” என்று கேட்டார். நான் பிறந்த வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். இதே ஊர்தான் என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், “மே கம தமய்” என்றேன். வந்த கொஞ்ச நாளிலேயே சிங்களம் நன்றாகப் பழகிவிட்டீர்கள் என்று அவர் பாராட்டினார். மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கனடாவில் பிறந்த மகள் பவளக்கல் சுவரைத் தடவிப் பார்த்தாள். உப்பங்கழியான களப்புக்குள் யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்க்க ஒல்லாந்தர் கட்டிய எல்லைக் காவல் அது. ஊரைவிட்டுப் போகும்வரை அதைத் தினமும் கடந்து போயிருக்கிறேன். உள்ளே போனது இப்போதுதான்.

உண்மையில் எனக்குக் கோட்டை பார்க்கும் ஆசையெல்லாம் இல்லை. நேரம் போகவேண்டும், அவ்வளவுதான். முந்தின நாள் பாலாவியில் திரும்பியதிலிருந்தே வாகனத்தை மெல்ல ஓட்டச் சொன்னேன். உப்பளங்கள், ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் தென்னைக்கும் காற்றாலைகளுக்கும் அப்பால் கடல், நடுவீதியில் அசைய மறுக்கும் கழுதைகள். அருமையான பாதை. எனக்கோ ஊர் வந்துவிடுமே என்று பயம். உம்மா மௌத்தாகி அடக்கம் நடந்தபோது என் அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. கனடாவைவிட்டு வெளியேறினால் திரும்ப முடியாது. என் ஒரே அக்கா, ராத்தாதான் தனியாக எல்லாவற்றையும் பார்த்தாள். அதுபற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. பெருநாளைக்குப் போனில் ஸலாம் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். அந்தப் பயத்தோடு டொரொன்டோப் பழக்கமும் சேர்ந்து, கடற்கரையில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, ‘நாளை ஒரு மணிக்கு வருகிறோம்’ என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். அங்கே அதுதான் மரியாதை. ‘சரி’ என்று மட்டும் பதில் வந்தது.

சரியாக ஒரு மணிக்கு ராத்தா வீட்டுக்குப் போனோம். அறை எடுத்ததும் கோட்டை பார்த்ததும் அதற்குள் அவள் காதுக்கு எட்டியிருந்தன. என் ஸலாமுக்குப் பதில் சொன்ன கையோடு தொடங்கினாள்.

“ஊட்டுக்கு வர நேரம் குறிச்சு அனுப்புறியா? நீ என்ன, டொக்டரா? சொந்த ஊருல ரூமெடுத்துப் படுக்கிற! கோட்டையப் பார்க்க நேரமிரிக்கி. உம்மாட மௌத்துக்குத்தான் வர ஏலாமப் போச்சு!”

“வழக்கு, ராத்தா...”

“தெரியும். தெரிஞ்சாலும் ஏசத்தான் செய்வன்.”

தெருவுக்கே கேட்டது. எனக்கு அழுகை வந்தது. கூடவே இத்தனை வருடமாக அடைத்துக்கிடந்த மூச்சும் வந்தது. ‘வாங்க, இருங்க’ என்று மரியாதையாகச் சொல்லியிருந்தால் நான் உடைந்தே போயிருப்பேன்.

எங்கள் வீடுகளில் விருந்தாளிகள் முன்னறையில் முதலில் சாப்பிடுவார்கள். வீட்டு ஆட்கள் பிறகு அடுப்படியில், குசினியில். ராத்தா மனைவியையும் மகளையும் மேசையில் இருத்தி, நல்ல பீங்கான்களை எடுத்துவைத்தாள். நானும் கதிரையை இழுத்தேன்.

“நீ எங்க இரிக்கிற? பொறகு என்னோட தின்னு.”

குசினி வாசற்படியில் குந்தினேன். ராத்தா மீன்சட்டியில் பிசைந்த சோற்றில் ஒரு பிடி உருட்டி என் கையில் வைத்தாள். முன்னறையில் மகள் பக்கத்துக் கதிரையைத் தட்டி, “வாப்பா, யுவர் சீட்” என்றாள். சோற்றை வாயில் போட்டுக்கொண்டு, நீ சாப்பிடு என்று அவளைப் பார்த்துக் கையசைத்தேன்.