முந்நூறு அடி வித்தியாசம்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் "திருப்பிச் சொல்லுங்க". விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் வருடக்கணக்காக அதையே சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவள். விமானிக்கு ஓர் எண்ணைச் சொன்னால், அவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பலர் வெறும் "சரி சரி"யோடு நிறுத்திக்கொள்வார்கள், ஏதோ வரும் வழியில் சர்க்கரை வாங்கிவரச் சொன்ன மாதிரி.

வீட்டிலும் ரோதனைதான். அன்று அவள் கிளம்பும்போது மாமியார் கேட்டார்: "அவ்வளவு பெரிய வானம். ரெண்டு பிளேன் ஒதுங்கிப் போக இடமா இல்ல?"

"எல்லாம் ஒரே இடத்துலதானே இறங்க வருது, அத்தை. அதான் ஒண்ணுக்கு மேல ஒண்ணு, ஆயிரம் அடி தள்ளித் தள்ளி வைக்கிறோம்."

"தள்ளி வைக்கிறதுக்கு அது என்ன பாத்திரமா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

மதியம் மழை மேகம் திரண்டது. காற்றழுத்தம் மளமளவென்று இறங்கியது. விமானத்தின் உயரமானி காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் உயரத்தைக் காட்டும். அன்றைய அழுத்த எண்ணைத் தரையிலிருந்து சொல்வார்கள். விமானி அதைக் கருவியில் வைத்துக்கொள்ள வேண்டும். தப்பான எண்ணை வைத்தால் கருவி கூசாமல் பொய் சொல்லும்.

ஏழாயிரம் அடியில் ஒரு பயணிகள் விமானம் வந்துகொண்டிருந்தது. அதன் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஆறாயிரத்தில் ஒரு சரக்கு விமானம். அவள் திரையை உற்றுப் பார்த்தாள். பயணிகள் விமானத்தின் புள்ளிக்குப் பக்கத்தில் ஆறாயிரத்து எழுநூறு என்றிருந்தது.

"உங்க உயரம் என்ன?"

"ஏழாயிரம், மேடம்."

"இங்க முந்நூறு அடி கம்மியா காட்டுது."

"என் கருவி ஏழாயிரம்னுதான் காட்டுது. உங்க திரையைக் கொஞ்சம் பாருங்க."

வாக்குவாதம் செய்ய இதுவா நேரம்? சரக்கு விமானத்தை உடனே வலப்பக்கம் திருப்பச் சொன்னாள். அதன் விமானி ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்லிவிட்டுத் திரும்பினார். புள்ளிகள் இரண்டும் விலகும்வரை காத்திருந்தாள். பயணிகள் விமானியிடம் கேட்டாள்:

"அழுத்தம் என்ன வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணு, சைபர், ஒண்ணு, சைபர்."

"நடுவுல ஒண்ணு எங்கேர்ந்து வந்துச்சு? நான் சொன்னது ஒண்ணு, சைபர், சைபர், சைபர். காதுல என்ன பஞ்சா?"

தரையிறங்கிய கையோடு அந்த விமானி, பஞ்சு என்று திட்டியதாக அவள் மேல் புகார் கொடுத்துவிட்டார். மேலதிகாரி அவளைக் கூப்பிட்டார்.

"நாங்க பேசின பதிவைப் போடுங்க சார். யார் மேல தப்புன்னு தெரிஞ்சிடும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பதிவு ஓடியது. அவள் குரல் எண்ணைச் சரியாகத்தான் சொன்னது. விமானி தப்பாகத் திருப்பிச் சொன்னார். அதைத் தொடர்ந்து, அலுத்துப்போன குரலில், "சரி." அவளுடைய குரல்தான். அதே மூச்சில் வேறொரு விமானத்தைக் கூப்பிட்டிருந்தாள்.

"இன்னொரு தடவை போடுங்க."

மறுபடி போட்டார். மறுபடியும் "சரி."

காலையிலிருந்து ஊர் உலகத்தின் மேலெல்லாம் பொங்கிய எரிச்சல் போக இடமில்லாமல் அவள் நெஞ்சிலேயே நின்றது. மேலதிகாரி தண்ணீர் தம்ளரை நகர்த்தி வைத்தார். அவள் தொடவில்லை.

சாயங்காலம் விமானியே தொலைபேசியில் கூப்பிட்டார். "மன்னிச்சுக்குங்க மேடம். தப்பான எண்ணை வெச்சது நான்தான்."

"அதைக் காதுல வாங்காம விட்டது நான்."

"இருந்தாலும் அந்தப் பஞ்சு..."

"அதை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றாள், வேண்டாவெறுப்பாக.

விமானிக்கு மறுபயிற்சி. அவளுக்கும் ஒரு வாரம் வேலையில்லை. வகுப்பில் உட்கார வேண்டும். பாடம் நடத்தியவன் அவளிடமே வேலை பழகினவன். அக்காவின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, வாரம் முழுக்கச் சுவரைப் பார்த்தே பேசினான். அதுவும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.